மேட்னிக்கு வந்த தாய்க்குலம்

எங்கள் வீட்டில் கடவுளைப் பற்றிச் சண்டை வந்ததில்லை. கட்சியைப் பற்றியும் வந்ததில்லை. சொத்து என்று ஏதாவது இருந்திருந்தால் அதைப் பற்றி வந்திருக்கும், அதற்கும் வழியில்லை. ஆகவே சினிமாவைப் பற்றிச் சண்டை போட்டோம். அதுவும் ஒரே ஒரு படத்தைப் பற்றி. ஒரு தீபாவளிக்கு ஆரம்பித்து அடுத்த தவக்காலம் எட்டிப் பார்க்கும்வரை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பாட்டில் கை வைப்பதற்குள் அந்தச் சண்டை தொடங்கிவிடும். எண்பதுகளின் பின்பாதி. நான் பருத்திப்பட்டில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சண்டை படத்தைவிடப் பிடித்திருந்தது.

சண்டைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. ஆவடி மார்க்கெட்டில் பாட்டு கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். கடையில் அவர் இருக்கும் நேரத்தைவிடப் பூட்டு இருக்கும் நேரம் அதிகம். ஏனென்றால் அவர்தான் அந்தப் படத்து ஹீரோவின் ஆவடி ரசிகர் மன்றத் தலைவர். ஹீரோ எந்தப் படத்தில் மீசையை எப்படி வைத்தாலும் மறு வாரம் சித்தப்பாவின் முகத்தில் அதே மீசை வந்துவிடும்.

இன்னொருவர் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில், ரேடியோவுக்குள் போகும் பொடிப்பொடிச் சாமான்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் சோற்று டப்பாவோடு ரயிலேறினால் மாலை ஆறு மணிக்குத் திரும்புவாள். பூந்தமல்லியிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் முடிவாகியிருந்தது. வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று தேடி வந்தவர்கள். ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அத்தைக்கு வாய் அதிகம் என்று அப்பா கவலைப்படுவார். அந்த வாய் இல்லாவிட்டால் எங்கள் வீடு தூங்கி வழிந்திருக்கும் என்பது என் கட்சி.

படத்தின் பெயர் எதற்கு? எங்கள் வீட்டில் அதற்கு 'ரெண்டாம் பாகம்' என்றுதான் பெயர். அப்போதெல்லாம் ஒரு படத்துக்கு இரண்டாவது பாகம் வருவது அதிசயம். முதல் பாகத்தில் ஹீரோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கடைசிக் காட்சியில் எரிகிற கப்பலோடு சேர்ந்து கடலுக்குள் போய்விடுவான். அந்தப் படம் ஆரவாரமில்லாமல் வந்து சில வாரம் ஓடிவிட்டுப் போனது. அத்தை அதை மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுதவள். கடலில் மூழ்கினவன்தான் இரண்டாம் பாகத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நனையாத தலையோடு, தண்ணீரிலிருந்து எழுந்து வந்தான். அந்தக் காட்சியில் தியேட்டரில் பறந்த காகிதத்தைப் பெருக்க மட்டும் தனியாக ஆள் போட்டார்கள் என்று சித்தப்பா சொல்வார். தீபாவளியன்று ஆவடி தியேட்டரின் இரும்புக் கேட் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டது. ஒரு வாரம் ஹவுஸ்ஃபுல் போர்டை உள்ளே எடுக்கவே இல்லை. மன்றத்துப் பையன்கள் அந்தப் போர்டுக்கும் மாலை போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் சண்டை.

"செத்தவன் எப்பிட்றா வந்தான்?" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"ஏன், மூணாம் நாள் உயிர்த்தெழுந்தத நம்பற இல்ல? இப்பத்தான கோயில்ல சொல்லிட்டு வந்த?" என்றார் சித்தப்பா.

"அவரு எழுந்து வந்து நாலு டூயட் பாடல."

அம்மா கையிலிருந்த கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த மன்றத்துப் பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் அன்றே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் விளையாடப் போவதில்லை என்று.

வாரா வாரம் வாதம் வளர்ந்தது. சித்தப்பாவின் கட்சி எளிமையானது. ஊரே வந்து பார்க்கிறது, ஆகவே படம் நல்ல படம். "இத்தினி ஜனத்துக்கும் மூள இல்ல, உனக்கு மட்டும்தான் இருக்குதா? மொதல் பாகம் நல்ல படம்ன்ற, அது ஏன் ஓடல? ஜனம் தீர்ப்பு சொல்லிச்சுக்கா. அதுக்கு மேல கோர்ட்டு கெடையாது."

அத்தை குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே பதில் சொல்வாள். "மழ வந்தா ஊரே பஸ் ஸ்டாண்டுல வந்து ஒதுங்குது. பஸ் ஸ்டாண்டு சூப்பரா கீதுன்னா அர்த்தம்? தீவாளிக்கு ஊட்ல இருக்க முடியாம வந்தவன், பிளாக்ல டிக்கெட்டு கெடச்சதேன்னு வந்தவன், மொதல் பாகத்த நம்பி ஏமாந்து வந்தவன், எல்லாத்தையும் ஒண்ணா கூட்டி நல்ல படம்ன்றியே. மொதல் பாகம் போட்ட விதைல இவனுங்க அறுத்துகினு போறானுங்க."

பையன்களில் சோடாக் கடையில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் இதற்குத் தலையாட்டிவிட்டார். அவரை ஒரு வாரம் மன்றத்திலிருந்து தள்ளி வைத்தார்கள்.

நான் யார் கட்சி என்று கேட்டால், மனதார சித்தப்பா கட்சி. ரெண்டாம் பாகத்தை நான்கு தடவை பார்த்திருந்தேன். ஹீரோ கண்ணாடியைக் கழற்றும்போது சொல்லும் வசனத்தை வகுப்பில் சொல்லிக் காட்டி, ஆசிரியையிடம் காதைத் திருகக் கொடுத்திருந்தேன். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. நூறு நாள் ஓடினால் ஹீரோ அந்தத் தியேட்டருக்கு நேரில் வருவார், அவருக்கு நீதான் மாலை போடப்போகிறாய் என்று சித்தப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். என் தலை மேல் செய்த சத்தியம் என்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை. மாலை போடுகிற அன்றைக்கு உடுத்த வேண்டிய மஞ்சள் பாவாடையை எடுத்துத் தனியாக மடித்து வைத்துவிட்டேன்.

நூறு நாள்! சித்தப்பா அதற்காகச் செய்யாத காரியமில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிட்ட காகித நட்சத்திரத்தின் நடுவில் ஹீரோவின் முகத்தை ஒட்டினார். அம்மா அதைக் கிழித்த பிறகுதான் அன்றைக்கு வீட்டில் பலகாரம் சுட்டாள். புத்தாண்டு முடிந்ததும் கோயிலில் பூசைக் கருத்து, அதாவது பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லும் சீட்டு, எழுதிக் கொடுத்தார். ஞாயிறு பூசையில் சாமியார் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "ஒரு குடும்பத்தின் நற்காரியம் எந்தத் தடையுமின்றி நூறு நாள் நிலைத்து நிற்க." பூசை முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள். அம்மாவுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் சித்தப்பா சைக்கிளில் ஏறி, மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டிப் போய்விட்டார்.

ஆனால் ஜெபத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. அறுபது நாளுக்குள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் படத்தைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மிஞ்சியது அம்பத்தூரில் ஒரு தியேட்டர் மட்டும். அங்கேயும் மூன்று ஆட்டத்தை வேறு படத்துக்குக் கொடுத்துவிட்டு, மத்தியான ஆட்டமான மேட்னிக்கு மட்டும் ரெண்டாம் பாகத்தை விட்டு வைத்திருந்தார்கள். தினமும் ஒரு ஆட்டம் ஓடினாலும் அது ஒரு நாள் கணக்குத்தான். ஆனால் நாற்காலி காலியாகக் கிடந்தால் தியேட்டர்காரர் அதையும் தூக்கிவிடுவார். ஆகவே ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்று ஊர் மன்றங்களும் உட்கார்ந்து பேசி முறை வைத்துக்கொண்டன. ஒவ்வொரு மன்றமும் தன் முறை நாளில் ஆள் சேர்த்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். வியாழனும் ஞாயிறும் ஆவடி முறை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சண்டை போட்டு, அம்மாவின் சோற்றையும் தின்றுவிட்டு, பையன்கள் வரிசையாக அம்பத்தூருக்கு சைக்கிள் மிதிப்பார்கள்.

இது தெரிந்ததும் அத்தை கைகொட்டிச் சிரித்தாள். "நீங்களே டிக்கெட்டு வாங்கி நீங்களே உக்காந்து நீங்களே கைதட்டினா அதுக்குப் பேரு வெற்றியாடா? அதுக்கு மொட்டமாடில உக்காந்து பேசிட்டுப் போலாமே."

"தாய்க்குலமும் வருதுக்கா" என்றார் சித்தப்பா. பெண்கள் கூட்டம் வந்தால்தான் படம் உண்மையான வெற்றி என்பது அப்போது எல்லா மன்றத்தாரும் ஒப்புக்கொண்ட சட்டம். போஸ்டரிலேயே 'தாய்க்குலத்தின் பேராதரவுடன்' என்று போடுவார்கள்.

அத்தை கையை உதறிவிட்டு எழுந்தாள். "அப்பிடியா? சரி, நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. யாரும் கூப்புடாம, யாரும் டிக்கெட்டு வாங்கிக் குடுக்காம, ஒரே ஒரு பொம்பள தானா வந்து இந்தப் படத்த ரெண்டாவது வாட்டி பாத்தான்னு காட்டு. நல்ல படம்னு நான் ஒத்துக்கறேன். நூறாவது நாளு உங்க கட்-அவுட்டுக்கு நானே ஆரத்தி எடுக்கறேன். காட்ட முடியலன்னா, நீ மீசைய எடுத்துட்டு மன்றத்துப் போர்ட கழட்டணும்."

சித்தப்பா மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு, சரி என்றார். மீசை போனால் போகிறது. போர்டு கழன்றால் மன்றம் ஏது? மன்றம் இல்லாவிட்டால் என் மாலை ஏது?

பொங்கல் வந்து போனது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திகூட ரெண்டாம் பாகத்தை இரண்டாவது தடவை பார்க்கத் தயாராக இல்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் நானே விசாரித்தேன். ஒரு அக்கா, முதல் தடவையே பாதியில் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். சித்தப்பா கண்ணாடி முன் நின்று மீசையைக் கையால் மறைத்து மறைத்துப் பார்ப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் அம்பத்தூர் மன்றத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. பெண்கள் பகுதியில் ஒருத்தி தினமும் மேட்னிக்கு வருகிறாளாம். ஒற்றை ஆளாக வருகிறாளாம். யாரும் கூப்பிடவில்லை, யாரோடும் பேசுவதுமில்லை. ஆட்டம் தொடங்கி விளக்கு அணைந்ததும் வந்து, முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்விடுகிறாளாம். இரண்டு வாரமாக இப்படி.

சித்தப்பா அந்தப் பையனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஒரு விஷயம் மட்டும் அவர் மனதைக் குத்தியது. அந்தப் பெண் மற்ற நாளெல்லாம் வருகிறாள், ஆவடி முறை நாட்களில் மட்டும் வருவதில்லை. "நம்ம மேல இன்னா கோவம் அதுக்கு?" என்று வருத்தப்பட்டார். வியாழக்கிழமை விரதமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேலை இருக்கும் என்று பையன்கள் ஆறுதல் சொன்னார்கள்.

அவள் யார் என்று தெரிய வேண்டும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே அழைத்து வந்து அத்தை முன்னால் நிறுத்த வேண்டும். ஆனால் பெண்கள் பகுதிக்கு இடுப்பளவு சுவர் கட்டித் தனி வாசல் வைத்திருந்தார்கள். எட்டிப் பார்க்கிற ஆண்பிள்ளைக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆயாவிடம் செருப்படிதான். மன்றத்தில் முப்பது பேர் இருந்து என்ன பயன்? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போகக்கூடிய ரசிகர் ஆவடி முழுவதுக்கும் ஒருத்திதான் இருந்தாள். அது நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பள்ளி நிர்வாகி யாரோ இறந்துபோய் மத்தியானம் விடுமுறை விட்டார்கள். அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும், என் வாழ்க்கையிலேயே பெரிய சாகசம் அவரால்தான் கிடைத்தது. சித்தப்பா என்னை சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து அம்பத்தூர்வரை மிதித்தார். வழி நெடுக உத்தரவு. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, முதலில் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், பிறகு மரியாதையாக அக்கா என்று கூப்பிட்டு, இது எத்தனையாவது தடவை என்று கேட்க வேண்டும். "நானு டீக்கடையாண்ட நிக்கறேன். என் மூஞ்ச பாத்தா மன்றத்து ஆளுன்னு அது உஷாராயிடும்" என்றார். அவருக்குத் தன் புகழின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெண்கள் வரிசையில் நான் ஒருத்தியாக நின்று டிக்கெட் வாங்கினேன். படம் தொடங்கியிருந்தது. டிக்கெட்டைக் கிழித்த ஆயாவிடம் தினமும் வருகிற அக்கா எங்கே என்று கேட்டேன்.

"உங்க ஊட்டுப் பொண்ணா? தோ, சொவத்தோரம் கீது பாரு, அதான். நல்ல பொண்ணு பாவம், வாயே தொறக்காது. போ கண்ணு, அதும் பக்கத்துல குந்து."

இருட்டில் நாற்காலி முதுகுகளைப் பிடித்துக்கொண்டு போனேன். பின் வரிசையில் போய் நின்றபோது திரையில் வெளிச்சமான காட்சி வந்தது. காமெடி நடிகர் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுகிற இடம். அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தின் பக்கவாட்டைப் பார்த்தேன்.

அத்தை!

காலையில் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போன அதே கத்தரிப்பூ நிறச் சேலை. மடியில் சோற்று டப்பா திறந்திருந்தது. அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சோற்றில் பாதி அப்படியே இருந்தது. அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

கத்தாமல் இருக்க என் கையை நானே கடித்துக்கொண்டேன். வீட்டில் இவ்வளவு பேசிவிட்டு, திருட்டுத்தனமாக தினமும் வந்து பார்க்கிறாள்! பார்ப்பது மட்டுமா, அழுகிறாள்! தாய்க்குலம் வந்தால் படம் நல்ல படம், தாய்க்குலம் அழுதால் வெள்ளி விழா என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். இந்த வாய் பேசுகிற அத்தையையே அழவைத்த படம் எப்பேர்ப்பட்ட படமாக இருக்க வேண்டும்! சத்தமில்லாமல் பின்னாலேயே நகர்ந்து வெளியே ஓடினேன்.

"யாரு? யாருன்னு சொல்லு" என்று சித்தப்பா டீ தம்ளரோடு குதித்தார்.

ஐந்தாவது படிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு ரகசியம் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். அதை ஒரு டீக்கடை வாசலில் செலவழிக்க நான் தயாராக இல்லை. "ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் சொல்றேன். நம்ம ஜெயிச்சுட்டோம் சித்தப்பா" என்றேன். அவர் கெஞ்சினார், மிரட்டினார், பன் வாங்கிக் கொடுத்தார். பன்னைத் தின்றேன், சொல்லவில்லை. கடை பூட்டிக் கிடக்கிறதே என்று கடைசியில் முனகிக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.

அந்த ஐந்து நாளை எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். ரகசியம் வயிற்றுக்குள் எலி மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு அத்தை வருவாள், பையை ஆணியில் மாட்டுவாள், "அப்பப்பா, இன்னிக்கு கம்பெனில வேல ஜாஸ்தி, கண்ணெல்லாம் எரியுது" என்பாள். நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பேன். என்ன நடிப்பு! ஹீரோவே இவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு வந்தது. தொண்ணூறு நாள் தாண்டியிருந்தது. மன்றத்துப் பையன்கள் பத்துப் பேர் வாசலிலும் உள்ளேயுமாக நின்றார்கள். அப்பா பேப்பரோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மா குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள். அத்தை அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தாள், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள்.

"இன்னாடா, மீசைக்கு நாள் குறிச்சுட்டியா? பிளேடு வாங்கிட்டு வரட்டா?"

"சாட்சி கீது" என்றார் சித்தப்பா. என்னைத் தூக்கி ஸ்டூலின் மேல் நிறுத்தினார். "டெய்லி ஒரு பொம்பள வருது. கூப்புடல, டிக்கெட்டு வாங்கித் தரல. நம்ம பாப்பா போய்க் கண்ணால பாத்துச்சு. சொல்லு பாப்பா, யாரு?"

நான் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தன. கையை நீட்டினேன்.

"நம்ம அத்தைதான்! டெய்லி மேட்னிக்கு அத்தைதான் வருது! அழுவுதுகூட!"

சித்தப்பாகூட ஒரு கணம் என்னை நம்பவில்லை. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்து நான் ஸ்டூலின் மேல் குதித்தேன்.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "டெய்லியா? மத்தியானத்துலயா? அப்போ கம்பெனி?"

"ஷிஃப்ட் மாத்திட்டாங்கண்ணா" என்றாள் அத்தை. குரல் கொஞ்சம் பிசிறியது. "காலைல சீக்கிரமா ஆரம்பிச்சு... ஒரு மணிக்கே முடிஞ்சுடுது."

"என்னாண்ட சொல்லவே இல்லையே. நீ எப்பவும் போற ரயில்லதான போற? எப்பலேர்ந்து..."

அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அத்தை எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "சரிடா! தோத்துட்டேன்! ஒத்துக்கறேன், போதுமா? நல்ல படம். ரொம்ப நல்ல படம். மொதல் பாகத்தவிட நல்ல படம். நூறாவது நாளு ஆரத்தி நான்தான் எடுக்கப்போறேன்!"

அதற்குப் பிறகு வீட்டில் யார் பேசினதும் யாருக்கும் கேட்கவில்லை. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் விசில் அடித்தார்கள். சோடாக் கடை அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் ஆடினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "எந்த சீன்ல அழுத, எந்த சீன்ல அழுத?" என்று சித்தப்பா அத்தையைப் பிடித்து உலுக்கினார். "காமெடி சீன்ல!" என்று தோளிலிருந்து நான் கத்தினேன். "அது ஆனந்தக் கண்ணீருடா" என்று அத்தை சொல்ல, சித்தப்பாவுக்கே கண் கலங்கிவிட்டது. "எங்கக்கா மனசு தங்கம்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். அப்பா என்னவோ கேட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கூச்சலில் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். நான் மேலிருந்து பார்த்தேன். அம்மா மட்டும் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இதை என்னிடம் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு. அத்தையின் கம்பெனியைப் பொங்கல் விடுமுறைக்கு மூடினவர்கள் மறுபடி திறக்கவே இல்லை. லீவு முடிந்து போன பெண்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வேலை போனது தெரிந்தால் பூந்தமல்லிக்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று அத்தை பயந்தாள். அப்பாவிடம் சொன்னால் அவர் மறைக்கத் தெரியாதவர். அதனால் வழக்கம்போல் ரயிலேறிப் போய், காலையெல்லாம் எஸ்டேட்டில் கேட் கேட்டாக வேலை கேட்டு அலைந்துவிட்டு, மத்தியான வெயிலுக்கு எங்கே போவது என்று தெரியாமல் தியேட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். தனியாக ஒரு பெண் மூன்று மணி நேரம் யாரும் ஏன் என்று கேட்காமல் உட்கார அந்த ஊரில் அந்த ஒரு சுவர்தான் இருந்தது. ஆவடிப் பையன்களின் முறை நாள் அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமைகளில் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவுக்கு உறைத்தது. கம்பெனியில் மேலே போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டு மூன்று வாரமாகத் துவைக்க விழவில்லை. அம்மா யாரிடமும் சொல்லாமல் தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து, தவக்காலத்தில் அத்தையைத் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டாள். கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. பூந்தமல்லிக்காரர்களுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது, இதைப் படித்தால்தான் உண்டு.

ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. அதற்கு முன்னால் நூறாவது நாள் வந்தது.

மூன்று ஊர் மன்றமும் அம்பத்தூர் தியேட்டர் வாசலில் திரண்டிருந்தது. பேண்டு வாத்தியம், ஆயிரம்வாலா, லாரி டயர் அளவுக்கு மாலை. அந்தக் கும்பலுக்கு நடுவில் மஞ்சள் பாவாடையில் நான். ஹீரோ வரவில்லை. அவருடைய கையெழுத்துப் போட்ட வாழ்த்துக் கடிதம் வந்தது. அதைச் சித்தப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டு மூன்று முறை மைக்கில் படித்தார். எனக்குப் பெரிய ஏமாற்றமில்லை. கட்-அவுட்டின் கால்வரைக்கும்தான் என் கை எட்டியது, ஹீரோவின் ஷூவுக்கு மாலை போட்டேன். அதற்கே கூட்டம் கத்தின கத்தலில் காது அடைத்துக்கொண்டது.

பிறகு அத்தை. கோயிலில் மெழுகுவத்தி தவிர எதையும் ஏற்றிப் பழகாதவள், மஞ்சள் சுண்ணாம்புத் தண்ணீர்த் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, கையைச் சுட்டுக்கொண்டு, அந்தக் கட்-அவுட்டுக்கு மூன்று சுற்று சுற்றினாள். பந்தயத்தில் தோற்றவள் செய்கிறாள் என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி வெடித்தார்கள். டிக்கெட் கிழிக்கும் ஆயா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "அட, நீதானா கண்ணு அது!" என்று அத்தையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள்.

அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆயா, இத எடுத்துட்டா, நாளையிலேர்ந்து மேட்னிக்கு இன்னா படம்?"

பக்கத்தில் நின்ற பையன்கள் அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அக்காவுக்கு சினிமாப் பைத்தியம் முத்திப்போச்சுடோய்! அடுத்த படத்துக்கும் அக்காதான் தாய்க்குலம்!" சித்தப்பா சிரித்தார், ஆயா சிரித்தாள், நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அத்தையின் கையைப் பிடித்து இழுத்து, நாளைக்கு நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன்.

"உனக்கு ஸ்கூல் கீதுடி" என்றாள் அத்தை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவர்களுக்கு மட்டும் எவ்வளவு சுகம்! திரும்பி வரும்போது சைக்கிள் கம்பியில் உட்கார்ந்தபடி, நன்றாகப் படித்து, அத்தைக்குக் கிடைத்தது மாதிரி தினமும் மத்தியானம் படம் பார்க்க விடுகிற வேலை ஒன்றில்தான் சேர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.